பலகை விமானத்துக்காக வாதாடியவனுக்கு

இன்று மாலை என் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அறையைவிட்டு வெளியே வந்த நான் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். பழம் அழுகத் தொடங்கும்போது வரும் இனிப்பும், தொண்டையைப் பிடிக்கும் ஒரு காட்டமும் சேர்ந்த வாசனை.

"என்ன தாத்தா, தலை சுத்துதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஏரோப்பிளேன் வாசனை வருது."

"நெயில் பாலிஷ் தாத்தா இது!" என்று சிரித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போனாள்.

நீ சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது ஒரு டப்பா கொண்டுவந்தாயே, அதில் இருந்ததும் இதே வாசனைதான். டோப் என்பாய் அதை. விமானத்தின் பலகைமேல் துணியை இழுத்து ஒட்டி அதன்மேல் பூசுவது. காய்ந்ததும் துணி மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும் என்பாய். நம் பட்டறையில் ஒரு பஸ்ஸின் கித்தான் கூரை ஒழுகியபோது அந்த டப்பாவைத் திறந்து பூசினாய். ஒரு வாரம் அந்த பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஆனால் கூரை ஒழுகவில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று நீ போன நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகிவிட்டது. உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நீ இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டியிருக்க மாட்டேன். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது என்று நினைக்கிறேன்.

நாம் இருவரும் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரே தெருவின் இரண்டு முனையில் பிறந்தவர்கள். ஆனாலும் இருபத்தைந்து வயதுவரை எனக்கு உன்னைத் தெரியாது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர்களின் குடியிருப்பான செட்டி கம்போங்கைச் சேர்ந்தவன் நீ. உங்கள் வீட்டில் சாமி படங்கள் எங்கள் வீட்டில் இருந்த அதே படங்கள். பேச்சு மட்டும் மலாய். உன் அம்மா சாரோங் கெபாயா கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, என்னை "மாரி, மாசோ" என்று உள்ளே கூப்பிட்டபோது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. உனக்குத் தெரிந்த தமிழெல்லாம் சிங்கப்பூரில் வேலை செய்த இடத்தில் பொறுக்கிக்கொண்டது. அதனால் உனக்கு வசைச்சொற்கள் முதலில் வந்தன, மரியாதைச் சொற்கள் கடைசிவரை வரவில்லை. என்னை மச்சான் என்று கூப்பிட்டாய். பட்டறை முதலாளியையும் ஒருமுறை அப்படியே கூப்பிட்டாய்.

பதினெட்டு வயதில் நீ சிங்கப்பூருக்குப் போனாய். அங்கே வெள்ளைக்காரர்களின் விமானத் தளத்தில் தச்சு வேலை. விமானத் தளத்தில் தச்சனுக்கு என்ன வேலை என்று நான் கேட்டபோது நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். வேம்பயர் என்ற ஜெட் சண்டை விமானத்தின் உடம்பு பலகையால் ஆனது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இறக்கையும் வாலும் உலோகம். விமானி உட்காரும் முன்பகுதி மட்டும் மெல்லிய பலகைகளை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டியது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பசை எங்காவது விட்டுக்கொடுக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் உன் வேலை.

வேம்பயர்களுக்கு ஓய்வு கொடுத்தபோது உங்கள் பகுதியில் ஆட்களைக் குறைத்தார்கள். மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் நீ மலாக்காவுக்குத் திரும்பி, நான் மெக்கானிக்காக இருந்த பட்டறையில் பஸ்களுக்குப் பலகை உடம்பு கட்டும் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த வருஷம்தான் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தார்கள். ஊரே நாளை எண்ணிக்கொண்டிருந்தது. நீ மட்டும் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இந்த மரத்தை வெச்சு மேல பறக்க முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

வேலை முடிந்ததும் நாம் போகும் கோப்பிக் கடையை இடித்துவிட்டார்கள், தெரியுமோ? அங்கே இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம் அந்தக் கடையில்தான் நம் வாதம் தொடங்கியது. கடைக்காரர் மேசையில் விரித்திருந்த பத்திரிகையில் ஒரு படம். வடக்கே பட்டர்வொர்த்துக்கு ஆஸ்திரேலியர்கள் கொண்டுவந்த புதிய சண்டை விமானம். சேபர் என்று பெயர். உடம்பெல்லாம் உலோகம், இறக்கைகள் பின்னால் சாய்ந்து, அம்பு மாதிரி.

"உன் பலகைக்குக் கதை முடிஞ்சிச்சு, பாரு," என்றேன்.

நீ படத்தை நீண்ட நேரம் பார்த்தாய். "அழகா இருக்கான்," என்றாய். பிறகு கோப்பித் தட்டை ஒரு கையிலும் சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியை மறு கையிலும் எடுத்தாய். "இது சேபர். இது எங்க வேம்பயர். சேபர் வேகம், ஒத்துக்கிறேன். ஆனா வேகமா போறவன் திரும்பணும்னா எவ்ளோ இடம் வேணும்? பாரு." தட்டு பெரிய வட்டம் போட்டது. மூடி சின்ன வட்டம் போட்டு அதன் பின்னால் வந்து நின்றது. "சுடா! முடிஞ்சிச்சு," என்றாய், மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

கடையே சிரித்தது. எனக்கு விட மனமில்லை. "அவன் எதுக்கு உன்கூட திரும்பணும்? நேரா வந்து சுட்டுட்டு நேரா போயிடுவானே!"

"வருவான் மச்சான். ஆம்பிளைக்கு ரோஷம் வரும். திரும்பிச் சண்டை போடத்தான் வருவான்."

"வரலன்னா?"

"வருவான்."

அன்றிலிருந்து தினமும் இதே சண்டை. ஓய்வு கொடுத்த விமானம் புது விமானத்தோடு போட்டி போட முடியுமா, முடியாதா. கடையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் உன் பக்கம். தபால்காரர் என் பக்கம். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் அந்தக் கூட்டத்தில் நீ ஒருவன்தான். ஆனால் உன்னைவிட நாங்கள்தான் சத்தமாகப் பேசினோம். நீ ஒருநாளும் தோற்றதாக ஒத்துக்கொண்டதில்லை. வேம்பயரைப் பற்றிப் பேசும்போது, கல்யாணமாகிப் போய்விட்ட தங்கையைப் பற்றிப் பேசுகிற மாதிரி உன் முகம் மாறும்.

ஒருநாள் நீ அந்தக் கதையைச் சொன்னாய். எனக்கு மட்டும், கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில்.

ஒரு வேம்பயர் சோதனைக்கு வந்தது. நீ காசால் அதன் பலகையை ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனாய். பசை நன்றாக இருக்கும் இடத்தில் கணீரென்று கேட்கும், விட்ட இடத்தில் பொத்தென்று கேட்கும். விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஓர் இடத்தில் பொத்தென்றது. மேற்பார்வையாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடு என்றார். நீ போடவில்லை. இரண்டு நாள் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் யாரோ பெரியவர் சொல்லி அந்த இடத்தைப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பலகை தனித்தனியாகப் பிரிந்து கிடந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, ஒட்டினோம். அந்தப் பைலட் வந்து என் கையைப் பிடிச்சான். என் பேரைக் கேட்டான். சொன்னேன். அவனுக்கு வாயில வரல." அவ்வளவுதான் சொன்னாய். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் விளம்பரம் வந்தது. நம் நாட்டுக்கென்று புதிதாக உண்டான விமானப்படைக்குத் தரைப்பணி ஆட்கள் வேண்டும். இருவரும் விண்ணப்பம் போட்டோம். எனக்குச் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைத் தேர்ச்சி இருந்தது, விமானம் தெரியாது. உனக்கு ஏழு வருஷ அனுபவம் இருந்தது, படிப்பு ஏழாம் வகுப்பு. ஒரு மாதம் உங்கள் வீட்டு முன்கூடத்தில் நான் உனக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பேன், நீ எனக்கு விமானத்தின் பாகங்களை வரைந்து காட்டுவாய். உன் அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து போங்க, சேர்ந்து வாங்க" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போவார்.

சேர்ந்துதான் போனோம். பஸ்ஸில் தம்பின், அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர். விமான நிலையத்தை ஒட்டிய ஒரு பலகைக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் நீ சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தாய்.

பெயர் வரிசைப்படி என்னை முதலில் அழைத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு மலாய் அதிகாரி. கணக்குக் கேட்டார்கள், என்ஜினைப் பற்றிக் கேட்டார்கள். பஸ் என்ஜின் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். கடைசியில் வெள்ளைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, விமானத்தோடு உனக்கு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார்.

இதை நான் இத்தனை வருஷமாக மனத்தில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் நண்பன் ஒருவன் என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது 'நான்'. சிங்கப்பூரில் ஒரு வருஷம் தினக்கூலியாக இருந்தேன் என்றேன். காசால் தட்டினேன் என்றேன். பொத்தென்று கேட்டது என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். வெள்ளைக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் சாயச் சாய எனக்குக் கதை வளர்ந்தது.

வெளியே வந்தபோது நீ எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாய். "அபா மாச்சாம், எப்படிப் போச்சு?" என்று கேட்டாய். நல்லா போச்சு என்றேன். நீ உள்ளே போனாய். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தாய். உன் முகத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரயிலில் நீ கண்ணை மூடிக்கொண்டு வந்தாய். தம்பினில் பஸ்ஸுக்காக நின்றபோது நிலக்கடலைக் கச்சான் பொட்டலம் ஒன்று வாங்கி என்னிடம் நீட்டினாய். பிறகு சாதாரணமாகக் கேட்டாய்.

"மச்சான், நீ சொன்ன கதையில அந்த ஓட்டை எவ்ளோ பெருசு?"

நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"எனக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நான் அதைச் சொன்னேன். அந்த வெள்ளைக்காரர் சிரிச்சாரு. இப்பத்தான் உங்க ஊருக்காரன் ஒருத்தன் இதே கதையைச் சொன்னான், அவன் சொன்னப்போ கதவு அளவு இருந்துச்சு, அப்படின்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? சும்மா இருந்தேன். அது பொய்யின்னு சொன்னா உன்னை வெளியே தள்ளிடுவான். ரெண்டு பேருமே பொய்யின்னு நினைப்பான். எதுக்கு?"

பஸ் வந்தது. நீ முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நீ கோப்பிக் கடைக்கு வரவில்லை. பட்டறையில் தேவைக்குமட்டும் பேசினாய். "எங்கே அந்த வேம்பயர்?" என்று தபால்காரர் கேட்பார். நான் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஒருநாள் அதே தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என்னை எடுத்துவிட்டார்கள்.

என் அப்பா அரசாங்க மருத்துவமனையில் பணியாள். வெள்ளைத் துணி துவைத்தே கை வெளுத்துப்போனவர். அந்தக் கடிதத்தை ஆங்கிலம் தெரியாமலே மூன்று முறை பார்த்தார். மாலை கோயிலுக்கு அழைத்துப்போய் அர்ச்சனை செய்தார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். ஒரு தட்டு லட்டை என்னிடம் கொடுத்து, "உன் கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடு" என்றார்.

நீ வீட்டு வாசலில் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தாய். தட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாய். ஒரு லட்டை எடுத்துப் பாதியைக் கடித்தாய்.

"எப்ப போகணும்?"

"ஒண்ணாம் தேதி."

"போ. போய் சேரு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு," என்றாய். "ரொம்ப இருக்கு. அதுக்காக நீ போகாம இருந்தா அது எனக்கு வந்துடுமா? ஒரு ஆளாவது போகட்டும்." மறுபடி இழைக்கத் தொடங்கினாய். நான் நின்றேன். நீ நிமிராமலே சொன்னாய்: "ஆனா ஒண்ணு. அங்க போய் நிஜமாவே ஒருநாள் தட்டிப் பார்க்கச் சொல்லுவான். பொத்துன்னு கேட்டா உனக்குத் தெரியுமா? தெரியலன்னா கேளு. தெரியும்னு சொல்லிடாத. அதுல ஒருத்தன் ஏறுவான்."

நீ திட்டியிருந்தால் போயிருப்பேன். ஒண்ணாம் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நீ அதைச் சொன்ன பிறகு என்னால் வீட்டுக்கு நடந்துபோகக்கூட முடியவில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பட்டறையில் விடுப்பு கேட்டுக்கொண்டு தனியாகக் கோலாலம்பூர் போனேன். அந்த மலாய் அதிகாரிதான் இருந்தார். அரை நாள் காக்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

"அவன் ஏன் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை?"

"நான் அவனுடைய சிநேகிதன், சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அடுத்த வாரம் அவனை அழைத்து வா. நீயும் வா. அவன் சொல்வது நிஜமா என்று நீ இருக்கும்போதே கேட்கிறேன்."

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்னை அடிக்க வந்தாய், நினைவிருக்கிறதா? கையில் உளி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வந்தாய். "யார் உன்னைக் கேட்டா? உங்க அப்பா முகத்துல எப்படி முழிப்ப?" என்று கத்தினாய். உன் அம்மா ஓடிவந்து நடுவில் நின்றார். நான் அடியை எதிர்பார்த்துத்தான் நின்றேன். நீ என் சட்டையைப் பிடித்தாய், பிறகு விட்டுவிட்டாய். "எந்தக் கிழமை?" என்று கேட்டாய்.

இரண்டாம் முறை அதிகாரி நம்மை அறைக்குள் உட்கார வைக்கவில்லை. விமானக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். ஒரு சின்ன சரக்கு விமானம் நின்றது. முழுக்க உலோகம். "இதைப் பற்றிச் சொல்" என்றார்.

நீ சுற்றி வந்தாய். தொட்டுப் பார்த்தாய். "எனக்குத் தெரியாது சார். நான் இதைச் செஞ்சதில்லை," என்றாய். உன் ஆங்கிலம் எனக்குக் கூசியது. உனக்குக் கூசவில்லை. "கத்துக்கலாம்."

அவர் தலையசைத்தார். பிறகு, விளையாட்டாகக் கேட்பதுபோல, ஆனால் உன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏழு வருஷம் வேம்பயரோடு இருந்திருக்கிறாய். நாளைக்கு யாராவது அதில் பத்துப் பன்னிரண்டைக் கொண்டுவந்து இந்தப் புது நாட்டுக்குக் கொடுத்தால், இப்போது வந்திருக்கிற விமானங்களோடு போட்டி போட முடியுமா?"

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தினமும் கேட்டிருக்கிறேன். தட்டும் மூடியும் சின்ன வட்டமும் பெரிய வட்டமும். உன் கை தூக்குவதற்குத் தயாராவதைக்கூடப் பார்த்தேன்.

நீ கையைக் கீழே விட்டாய்.

"முடியாது சார்," என்றாய்.

"ஒரேயடியாகவா?"

"திரும்புறதுல ஜெயிக்கும் சார். அது நிஜம். ஆனா வேகமா இருக்கிறவன்தான் எப்ப சண்டையை ஆரம்பிக்கணும், எப்ப வீட்டுக்குப் போகணும்னு முடிவு பண்ணுவான். என் விமானம் அவன் தப்பு பண்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். அவன் தப்பு பண்ணலன்னா? நல்ல விமானம் சார். பறக்கப் பழகிக்கிறவனுக்குக் குடுக்கலாம். சண்டைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினா, ஏறுறதுக்கு முன்னாடி அவன்கிட்ட இதைச் சொல்லணும்."

அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. உன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். சரியாக எழுதினார்.

என்னைப் பார்த்து, "நீ அடுத்த வருஷம் உன் சொந்தக் கதையோடு வா" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோதுதான் உன்னைக் கேட்டேன். "தினமும் கடையில அப்படிப் பேசுவியே. இங்க ஏன் தோத்துப் போன?"

நீ ஆச்சரியமாகப் பார்த்தாய். "கோப்பிக் கடையில யாரும் அதுல ஏறப்போறதில்லை, மச்சான்."

ஒண்ணாம் தேதி நான் வாங்கியிருந்த பெட்டியை நீ தூக்கிக்கொண்டு போனாய். என் அப்பா ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் லட்டைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார். அடுத்த வருஷம் நான் விண்ணப்பம் போடவில்லை. பயம் என்று நீ நினைத்தாய். பயம் இல்லை. என்னிடம் சொந்தக் கதை இருக்கவில்லை. பட்டறையிலேயே இருந்தேன். கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், தலைமை மெக்கானிக் ஆனேன். பலகை பஸ்கள் போய் இரும்பு பஸ்கள் வந்தன. வாழ்க்கை குறையில்லாமல்தான் போயிற்று. உன் இடத்தில் நான் இருந்திருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் இடத்தில் நீ இருந்திருப்பாயோ என்று மட்டும் சில சமயம் நினைத்துப் பயந்திருக்கிறேன்.

பத்து வருஷம் கழித்து ஒருநாள் பட்டறைக்கு உன்னிடமிருந்து போன் வந்தது. நீ பட்டர்வொர்த்தில் இருந்தாய்.

"மச்சான், உன் ஆளு வந்துட்டான்."

"எந்த ஆளு?"

"சேபர்! ஆஸ்திரேலியாக்காரன் ஓட்டி முடிச்சிட்டான். இப்ப நமக்குக் குடுத்துட்டான். என் கையில இருக்கான்." சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு நீ வந்தபோது கடையில் பழைய கூட்டம் கூடியது. இந்த முறை சேபருக்காக வாதாடியது நான். புதிது புதிதாக, ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும் விமானங்கள் எல்லாம் வந்துவிட்டிருந்தன. சேபர் அவற்றோடு நிற்கும் என்று நான் மேசையைத் தட்டினேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு ரசித்து உட்கார்ந்திருந்தாய். கடைசியில் சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியை எடுத்து என் முன்னால் வைத்தாய். "இனிமே இது உனக்கு," என்றாய்.

நிஜமாகக் கேட்டால் என்ன சொல்வாய் என்று அன்று வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நிஜமா கேக்கறவன் பைலட்டு. அவன் விமானத்து ஏணியில ஏறும்போது சொல்லுவேன். எது முடியும், எது முடியாது, எல்லாம் சொல்லுவேன். சில பேருக்குப் பிடிக்காது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா எல்லாரும் இறங்கி வந்துட்டாங்க" என்று மெல்லச் சொன்னாய். பெருமையாகச் சொல்லவில்லை. கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டவன்போலச் சொன்னாய்.

நீ ஓய்வுபெற்று மகளோடு கிளேபாங்கில் இருந்த வருஷங்களில் எத்தனையோ சாயங்காலம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேர்முகத் தேர்வைப் பற்றி நாம் பேசியதே இல்லை. பலமுறை தொடங்கப் பார்த்தேன். நீ கச்சான் பொட்டலத்தை நீட்டுவாய். அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் எனக்குக் கீழே நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் வேலை பழகினார்கள். பிரேக்கைப் பற்றிச் சொன்னாலும் சரி, வெல்டிங் விட்ட இடத்தைக் காதால் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொன்னாலும் சரி, அடுத்தவரிடமிருந்து தெரிந்துகொண்டதாக இருந்தால் அவரைச் சொல்லாமல் நான் தொடங்கியதில்லை. பாதிக்கு மேல் உன்னிடமிருந்து வந்தவை. "இது என் சிநேகிதன் சொன்னது" என்றுதான் ஆரம்பிப்பேன். பையன்கள் அதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். டீ ஆறிப்போனால்கூட, "அண்ணனோட சிநேகிதன் சொன்னாரு, டீ ஆறினா குடிக்கக் கூடாது" என்பார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது, அண்ணன் சும்மா சொல்கிறார் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. நான் மறுக்கவில்லை. பழகியும் விட்டது. டாக்டரிடம் போனால்கூட, "பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வலியைச் சொல்கிறேன். பேத்தி சிரிக்கிறாள்.

போன மாதம் உன்னைக் கம்போங்குக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது, என்னைக் காரில் அழைத்துவந்தவன் அந்தப் பையன்களில் ஒருவன். அவனுக்கே இப்போது அறுபது. பக்கத்து ஊரான செங்கில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். நான் உன் காலடியில் நின்றேன். உன் மகள் உன் பழைய சீருடைப் படத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தாள். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"அண்ணே," என்று காதருகே குனிந்து கேட்டான். "இவருதானா அந்தச் சிநேகிதர்?"

"ஆமா," என்றேன். "இவன்தான்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து உன் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.